அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம்

புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் தமிழ்ச் சமூகத்துக்கு என்ன செய்தன என்று யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில் வரும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், அவர்கள் வராமல் இருந்திருந்தால் நாம் இன்னும் எழுத்தறியாமல்தான் கிடப்போம் என்பது ஒன்று. வெள்ளைக்கார ஆட்சிக்குப் பின்னால் வந்தவர்கள், ஆளைச் சேர்த்ததைத் தவிர வேறென்ன செய்தார்கள் என்பது மற்றொன்று. நெய்வேலியில் இந்த இரண்டு பதிலையும் ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் கேட்கலாம். 1956-ல் நிலக்கரிக் கழகம் தொடங்கியது முதல் எல்லா மாவட்டத்து மக்களும் வேலைக்கு வந்து குடியேறிய ஊர் இது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் சபையையும் கூடவே கொண்டுவந்தார்கள். வேலுடையான்பட்டு முருகனுக்குக் காவடி எடுக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்குவது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் பக்கத்தில் வாழ்வது வேறு, பக்கத்து வீட்டின் வரலாறு தெரிவது வேறு. அந்த வரலாறு தெரிந்தால் மேலே சொன்ன இரண்டு பதிலும் அப்படியே நிற்காது.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் 6.12 சதவீதம். இதில் ரோமன் கத்தோலிக்கரும் அடக்கம். அவர்களைக் கழித்துவிட்டால் புராட்டஸ்டன்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள் இன்னும் சிறிய கூட்டம். முந்நூறு ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று சிலர் கேட்பார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு எதற்கு இத்தனை பேச்சு என்று வேறு சிலர் கேட்பார்கள். என் கருத்து இதுதான்: இந்தச் சபைகளின் செல்வாக்கைத் தலை எண்ணி அளக்க முடியாது. சபைக்குள் வந்தவர்களைவிட, வராதவர்களிடமும் வரவே மாட்டேன் என்று எதிர்த்து நின்றவர்களிடமும்தான் அது அதிகமாக வேலை செய்திருக்கிறது.

அது எப்படி என்று பார்க்க, புராட்டஸ்டன்ட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் ரோம சபையோடு மோதியதிலிருந்து கிளைத்தவை இந்தச் சபைகள். நம் பக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபை என்கிற சி.எஸ்.ஐ., தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, இரட்சணிய சேனை, பிற்காலத்தில் வந்த பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. இவற்றுக்குள் ஆயிரம் வேறுபாடு உண்டு. ஆனால் அடியில் ஒரு நம்பிக்கை பொது. கடவுளுடைய வார்த்தையை ஒவ்வொருவரும் தாமே, தம் தாய்மொழியில் படிக்க வேண்டும். குருவானவர் படித்துச் சொல்லக் கேட்டால் மட்டும் போதாது. லூதர் 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்தது அதற்காகத்தான். சுவீடனில் 1686-ன் திருச்சபைச் சட்டம் வீட்டிலுள்ள எல்லோரும், வேலைக்காரர் உட்பட, வாசிக்கக் கற்க வேண்டும் என்று வைத்தது.

இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து மற்றதெல்லாம் படிப்படியாக வருகிறது. தாய்மொழியில் வேதம் வேண்டுமென்றால் மொழியைக் கற்க வேண்டும். கற்றால் அகராதியும் இலக்கணமும் தேவைப்படும். எல்லார் கைக்கும் போக அச்சு வேண்டும். அச்சடித்ததைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். எல்லாருக்கும் என்று சொல்லிவிட்டதால் பெண்களையும் சேரிக் குழந்தைகளையும் வெளியே நிறுத்த முடியாது. கவனியுங்கள், இதில் எதுவும் தமிழ்ச் சமூகத்தை முன்னேற்ற வேண்டும் என்ற திட்டத்தில் தொடங்கவில்லை. ஆள் சேர்ப்பதுதான் நோக்கம். அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை, அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் நோக்கம் அவர்கள் கையில் இருந்தது. விளைவு அவர்கள் கையில் இருக்கவில்லை.

நெய்வேலியை நடுவில் வைத்து ஐம்பது கிலோமீட்டருக்குள் பார்த்தாலே இந்தக் கதையின் பாதி இடங்கள் வந்துவிடும். கடலூர், மஞ்சக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், வடலூர். தொடக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளி, தரங்கம்பாடியில்.

1706 ஜூலையில் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சோவும், தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது 24. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பெழுதி வைத்தார். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. வந்த எழுத்துகள் பெரியவை. அவற்றில் அடித்தால் காகிதம் போதவில்லை. எனவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள், பொறையாறில் காகித ஆலை ஒன்று போட்டார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழி எதிலும் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். நான்கு ஆண்டு கழித்து, 36 வயதில், சீகன்பால்கு இறந்துபோனார்.

தமிழை முதலில் அச்சில் ஏற்றியவர்கள் இவர்கள்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ‘தம்பிரான் வணக்கம்’ 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது; அது ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துகீசிய சேசு சபைத் துறவியின் வேலை, கத்தோலிக்கர். வீரமாமுனிவரும் கத்தோலிக்கரே. புராட்டஸ்டன்ட்டுகள் செய்த வேறுபாடு, அச்சையும் பள்ளியையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டதுதான். ஒன்று போகும் இடத்துக்கு மற்றதும் போனது.

கல்வியையே அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்பதும் சரியல்ல. திண்ணைப் பள்ளி இங்கே இருந்தது. அதில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மை. அது வெறுமையாக இருக்கவில்லை என்பதும் உண்மை. 1790-ஐ ஒட்டி எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆங்கிலிகன் குருவானவர் ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான திருச்சபைப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் அதைப் பின்பற்றின. கொடுத்தார்கள், வாங்கினோம் என்று ஒருவழிப் பாதையாகச் சொல்லும்போது இந்தச் செய்தி விடுபட்டுப் போகிறது. எனக்கு இது விடுபடக் கூடாத செய்தி.

சபைக்குள்ளும் தொடக்கத்திலிருந்தே சுமை தூக்கியவர்கள் தமிழர்கள்தான். கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் ஆரோன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக ஊர் ஊராக நடந்து, 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டன்ட் போதகர் நம் மாவட்டத்துக்காரர். இந்தப் பெயர் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கதை தொடங்குவது யாழ்ப்பாணத்தில்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ல் பிறந்த ஆறுமுகம் என்ற இளைஞர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். பள்ளியின் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தபோது அவருக்கு உதவியவர் இந்த இளைஞர்தான். ஒவ்வொரு வசனமாக உட்கார்ந்து வேலை பார்த்தார். சைவராகவே இருந்துகொண்டு பார்த்தார். அந்த ஆண்டுகளில் மிஷன் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளே இருந்து கவனித்தார். பிரசங்கம், வினாவிடை, பாடப்புத்தகம், துண்டுப் பிரசுரம், வகுப்பு வகுப்பாகப் பிரித்த பள்ளி, தெளிவான உரைநடை. 1847 முடியும் நாளில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். மறுஆண்டு மிஷன் வேலையை விட்டு விலகி, சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சியந்திரம் வாங்கத் தமிழ்நாட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் கொடுத்தது. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள், உரைநடையில் அவர் தந்த பெரியபுராணம், சைவ வினாவிடை, மிஷனரிகளின் கண்டனத்துக்குப் பதிலாக எழுதிய சைவ தூஷண பரிகாரம் எல்லாம் இப்படி வந்தவை. 1864-ல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

ஒரு வினாவிடைப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கேள்வி ஒரு வரி. பதில் ஒரு வரி அல்லது இரண்டு வரி. குழந்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் அளவில் ஒவ்வொரு கொள்கையும் நறுக்கப்பட்டிருக்கும். இந்த வடிவம் கிறித்தவ ஞானோபதேசத்தின் வடிவம். உள்ளே இருப்பது முழுக்க முழுக்கச் சைவ சித்தாந்தம். நாவலர் கிறித்தவத்துக்கு ஒரு அங்குலம்கூட இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு சமயத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது, எப்படிப் பாதுகாப்பது என்பதில் மிஷன் பள்ளி அவருக்குக் கருவிகளைக் கொடுத்துவிட்டது. அவர் அவற்றை வாங்கி, கொடுத்தவர்களைவிடக் கூர்மையாகப் பயன்படுத்தினார். இதை நாவலருக்குக் குறைவாகச் சொல்லவில்லை. எதிரியின் கையில் இருக்கும் நல்லதை அடையாளம் காணத் தெரிந்த அறிவு அது, எல்லாருக்கும் வராது.

இது நாவலரோடு நிற்கவில்லை. வடலூரில் 1867-ல் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலாரின் பாடல்கள் அதே ஆண்டில் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறின. அவற்றை அருட்பா என்று சொல்லக் கூடாது என்று நாவலர் மறுத்தெழுத, இரு தரப்பும் மாறி மாறிப் பிரசுரம் வெளியிட, 1869-ல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. கிறித்தவரே சம்பந்தப்படாத ஒரு சைவச் சண்டை. ஆனால் அது நடந்த களம், அதாவது அச்சு, கண்டனப் பிரசுரம், படித்துவிட்டுப் பக்கம் சேரும் பொதுமக்கள், இவையெல்லாம் அதற்கு முந்தைய தலைமுறையில் மிஷனரிகளோடு மோதியபோது உருவானவை. இன்றைக்கு வடலூர் தைப்பூசத்துக்கு நெய்வேலியிலிருந்து நடந்தே போகிறவர்கள் வாங்கி வரும் மலிவுப் பதிப்பு அருட்பாவுக்குப் பின்னாலும் அந்தக் களத்தின் கதை இருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் 1823-ல் நிறுவிய வட்டுக்கோட்டைக் குருமடத்தில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பின்னாளில் சைவராக வாழ்ந்து, கலித்தொகையை 1887-ல் அச்சில் கொண்டுவந்தார். கறையானுக்குப் போக இருந்த சுவடியிலிருந்து மீண்ட சங்க நூல்களில் ஒன்று அது. மிஷனரி கால்டுவெல் கதை எல்லாருக்கும் தெரிந்தது: இடையன்குடியில் இருந்துகொண்டு 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார், பிற்கால அரசியல் முழுவதும் அதன் மேல் ஏறி நின்றது. அவரே நாடார்களைப் பற்றி 1849-ல் எழுதிய புத்தகம் அந்த மக்களைப் புண்படுத்தி, பல ஆண்டு எதிர்ப்பைக் கிளப்பியது என்பதை மட்டும் பாராட்டு விழாக்களில் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

அடுத்து, ஆட்சிக்குத் துணை போனவர்கள் என்ற குற்றச்சாட்டு. பாதி உண்மை. 1813 வரை கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் எளிதில் விடவில்லை. வியாபாரம் கெடும், கலகம் வரும் என்ற பயம். தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் தளபதியே 1708-ல் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். 1813-க்குப் பிறகு நிலைமை மாறியது. ஆங்கிலிகன் பிஷப்புக்கு அரசாங்கக் கஜானாவிலிருந்தே சம்பளம் போயிற்று. பல மிஷனரிகள் ஆட்சியையும் அருளையும் பிரித்துப் பார்க்கவில்லை. இதை மூடி மறைத்து எழுதும் சபை வரலாறுகள் நமக்குப் பயன்படாது.

ஆனால் இங்கேயும் நம் மாவட்டத்தில் ஒரு கதை இருக்கிறது. ஆன் மேரி பீட்டர்சன், எஸ்தர் ஃபேரிங் என்ற இரண்டு டேனிஷ் மிஷனரிப் பெண்கள் 1917-ல் அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார்கள். மிஷன் சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. இருவரும் அந்தச் சங்கத்தை விட்டே வெளியேறினார்கள். பீட்டர்சன் அம்மையார் பரங்கிப்பேட்டைக்கு வந்து, தேசியக் கல்வி முறையில் பெண்களுக்கான பள்ளி ஒன்றை எழுப்ப முனைந்தார். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த 1921-ல் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். சேவா மந்திர் என்ற அந்தப் பள்ளி வளாகத்தில் கதர் நூல் நூற்றார்கள். 1951-ல் பீட்டர்சன் இறக்கும் வரை அதுவே அவர் வாழ்க்கை. ஒரு மிஷனரி எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவரவர் வாழ்க்கையை வைத்துத்தான் சொல்ல முடியும், தோல் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதற்குப் பரங்கிப்பேட்டையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. திருச்சபை தமிழரை எவ்வளவு மாற்றியதோ, தமிழர் திருச்சபையை அதற்குக் குறையாமல் மாற்றினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி நாடகத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். அவர் காலத்திலிருந்து ராகம், தாளம் குறித்த கீர்த்தனைகள் ஆராதனையின் உயிராக இருக்கின்றன. ஐரோப்பிய மெட்டில் வந்த பாமாலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன; ஒரே ஞாயிறு ஆராதனையில் ஆர்கனும் வரும், தபேலாவும் வரும்.

அறுப்பின் பண்டிகையைப் பார்த்திருக்கிறீர்களா? வயல் முதல் பலனைக் கடவுளுக்குக் கொண்டுவரும் பண்டிகை. நெய்வேலியில் சபையாரில் பெரும்பாலோருக்கு வயல் கிடையாது, ஷிப்ட் வேலை. ஆனாலும் குவார்ட்டர்ஸ் கொல்லையில் காய்த்த முருங்கை, வாழைத்தார், பூசணி, வளர்த்த கோழி, பெண்கள் சுட்டெடுத்த முறுக்கு, அதிரசம் எல்லாம் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காய் சந்தை விலைக்குப் பத்து மடங்கு போகும். எடுத்தவர் அதையே மறுபடி காணிக்கையாக வைத்துவிடுவார், திரும்ப ஏலம் நடக்கும். ஏலம் விடுகிறவர் சுரங்கத்தில் தம்மோடு வேலை பார்ப்பவரின் பெயரைச் சொல்லிச் சீண்டிச் சீண்டி விலையை ஏற்றுவார். இந்து நண்பர்களும் வந்து கேட்டு எடுப்பார்கள். லண்டனிலும் கோபன்ஹேகனிலும் இருக்கும் எந்தச் சபையிலும் இதை இப்படியே காண முடியாது. இது நம்மூர்க் கோயில் திருவிழா ஏலத்தின் சொந்தக்காரன்.

மருத்துவத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதை அறியாதவர் இல்லை. நெய்வேலியில் ஒரு வீட்டில் நோய் முற்றிவிட்டால் “வேலூருக்குக் கொண்டுபோய்ப் பாருங்க” என்றுதான் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அந்த வேலூர், அமெரிக்க சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷனில் பிறந்து வளர்ந்த ஐடா ஸ்கடர் 1900-ல் சிறு மருந்தகமாகத் தொடங்கி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த சி.எம்.சி. ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று பிரசவத்தில் பெண்கள் செத்த காலத்தில், பெண்களையே டாக்டராக்குவதுதான் வழி என்று அவர் கண்டுகொண்டார். செவிலியர் வேலை மரியாதைக்குரிய வேலை என்று நம் குடும்பங்கள் ஏற்றதில் இத்தகைய நிறுவனங்களின் பங்கு பெரிது.

கடைசியாக, எது நடக்கவில்லை என்பது. இதில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன்.

கடவுள் முன் எல்லாரும் சமம் என்று பிரசங்கித்த சபை, சாதியிடம் திணறியது. தரங்கம்பாடிக் காலத்திலேயே ஆராதனையில் தனித்தனி இருக்கை. அங்கிருந்த மிஷனரிகள் அதைச் சமூக வழக்கம் என்று பொறுத்துக்கொண்டார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு சபைக்குள் இருக்கவே கூடாது என்று கடிதம் போட்டதும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கொந்தளிப்பு. மேல்சாதிச் சபையார் பலர் வெளியேறினார்கள். சாதியைக் கொஞ்சம் விட்டுப்பிடித்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் பிறகு அவர்களில் பலர் சேர்ந்தார்கள். அத்தனை இனிய கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரே தனி இருக்கைக்காக வாதாடியவர். வருத்தமான செய்திதான். அதைச் சொல்லாமல் அவரைப் பாராட்டுவது முறையாகாது.

அந்த லைப்சிக் மிஷனுக்குள்ளேயே ஒருவர் இதைப் பொறுக்க முடியாமல் வெளியே வந்தார். கார்ல் ஓக்ஸ். சாதியோடு சமரசம் செய்யும் மிஷனில் இருக்க மாட்டேன் என்று விலகி, 1861-ல் நெல்லிக்குப்பம் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று ஒரு நிலையத்தைத் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன் மிஷனரியாக ஏற்றது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. பண்ருட்டி வழியாகக் கடலூர் போகும் நெய்வேலிக்காரர்கள் அந்த ஊர்ப் பெயர்ப்பலகையைக் கடந்துதான் போகிறார்கள். சாதி மறுப்பிலிருந்தே பிறந்த ஒரு சபை நம் பக்கத்தில் இருக்கிறது என்பது பெருமைப்படத்தக்கது. அந்தப் பிறப்புக்கு இன்றைய சபைகள் எல்லாம் உண்மையாக இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. திருமணப் பேச்சு வரும்போது, சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தல் வரும்போது, பிஷப் தேர்தல் வரும்போது, எந்தப் பக்கத்து ஆள், எந்தச் சாதி ஆள் என்ற கணக்கு எல்லாச் சபையிலும் ஓடுகிறது. கிராமங்கள் சிலவற்றில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். நெய்வேலியில் அது வெறும் வாதமல்ல, பிள்ளைகளின் வேலை. 1950-ன் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. எனவே என்.எல்.சி. போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பிக்கும் தலித் கிறித்தவ இளைஞர், அதே தெருவில், அதே சாதியில், அதே வறுமையில் வளர்ந்த தன் பங்காளி பெறும் எஸ்.சி. ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. பிற்படுத்தப்பட்டோர் வரிசையில்தான் நிற்க வேண்டும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்வருகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கும் நிலையில் நீதிமன்றம் வேறு சொல்ல இடமில்லை. சட்டத்தை மாற்ற வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-ல் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது.

சேர்க்கக் கூடாது என்பவர்கள் சொல்லும் காரணம்: கிறித்தவத்தில் சாதி இல்லையே. இந்த வாதம் சபைகளின் பிரசங்கத்தை அப்படியே எடுத்துச் சபைகளின் மீதே வீசுகிறது. சேர்க்க வேண்டும் என்று கேட்கும் பிஷப்புமார்கள், எங்கள் சபையிலும் சாதிக்கொடுமை இருக்கிறது என்று அரசின் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒப்புக்கொள்வது நல்லதே. சமூகத்தின் கொடுமை மதம் மாறியதும் மறைந்துவிடாது. ஊர் ஒருவரை என்ன சாதி என்று பார்க்கிறதோ அதுதான் அவர் அனுபவிக்கும் சாதி. எனவே ஒதுக்கீடு நீட்டிக்கப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் டெல்லியில் ஒப்புக்கொண்டதை ஊரில் மாற்றத் தொடங்க வேண்டும். 1950 ஆணையைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இருக்கும் வேலியை எடுக்கச் சேகரக் கமிட்டியின் ஒரு தீர்மானம் போதும்.